நடு வாவியில் போட்ட கணக்கு

போர் முடிந்த அடுத்த வருடம். வைகாசி மாதம், அம்மன் கோயில்களின் வருடாந்தச் சடங்குக்கு ஊர்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம். மண்டூர்ப் பக்கத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு, மட்டக்களப்பு வாவியைக் கடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மெதுவாகக் கரை மாறும் மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். அதன் நடுவில் நின்றபடி மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அன்று காலையில் ஒரு மனுஷியின் உயிருக்கு நானே உலை வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அதன் விடை சொன்னது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவள். ‘செய்கிறவரா, செய்கிறவளா’ என்று சிலர் இன்னொரு முறை கேட்பார்கள், பழகிவிட்டது. என் ஊர் கடற்கரை. கணவரையும் மூன்று வயது மகளையும் சுனாமி கொண்டுபோனது. அன்று காலையில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு மட்டக்களப்புக்குப் போயிருந்தேன், அதனால் மிஞ்சினேன். அம்மாவும் அடுத்த வருடமே போய்விட்டார். வீட்டுத் திட்டத்தில் எனக்கென்று ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு அறைகள். ஒன்றை நான் திறப்பதே இல்லை.

பெண்களுக்குத் தொழில் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தையல் படிக்கத்தான் போனேன். தையலில் இடம் நிறைந்துவிட்டது, கரண்டு வேலையில் இரண்டு இடம் கிடக்கிறது என்றார்கள். திரும்பி அந்த வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எதுவும் மேல் என்று கையெழுத்துப் போட்டேன். தச்சு வேலை என்று சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்.

வகுப்பில் எல்லோரையும் கொட்டாவி விடவைத்த தியரிப் பாடம் எனக்கு மட்டும் பிடித்துப்போனது. கெட்டிக்காரி என்பதால் வந்த பிடித்தம் இல்லை அது. படுத்தால் கடல் இரையும் சத்தம் கேட்கும். அதைக் கேட்காமல் இருக்க, படித்த சூத்திரங்களை ஒவ்வொன்றாக முணுமுணுப்பேன். மின்னழுத்தத்தைத் தடையால் பிரித்தால் மின்னோட்டம். தடை கூடினால் மின்னோட்டம் குறையும். இப்படியே சொல்லிக்கொண்டு போனால் எங்கோ ஓரிடத்தில் தூக்கம் வந்துவிடும். மற்றவர்கள் தேவாரம் சொல்லிப் படுப்பார்கள், நான் இதைச் சொல்லிப் படுத்தேன். எழுத்துப் பரீட்சையில் முதலாவதாக வந்தேன். செய்முறையில் கடைசிக்கு முதல் ஆள். ஸ்க்ரூ டிரைவர் பிடித்தால் கை நடுங்கும்.

சில வருடங்கள் யாரும் வேலை தரவில்லை. போர் முடிந்த பிறகுதான் கதவு திறந்தது. வாவியின் மேற்குக் கரையை நாங்கள் படுவான்கரை என்போம். பல வருடம் குப்பி விளக்கிலேயே கிடந்த ஊர்கள் அங்கே நிறைய. கம்பங்கள் நட்டார்கள், கல்வீடுகள் கட்டினார்கள், வயரிங் செய்ய ஆள் போதவில்லை. அந்த வீடுகளில் பாதியில் ஆண்கள் இல்லை. பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் வேலைக்கு வர இன்னொரு பெண் இருக்கிறாள் என்றதும் ஒப்பந்தக்காரர் என்னைக் கூப்பிட்டார். என் திறமைக்குக் கிடைத்த வேலை அது என்று பெருமைப்பட எனக்கும் ஆசைதான்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்றுதான் நான் சொன்ன அந்த மனுஷியுடையது. ஏறக்குறைய என் வயது. போரின் கடைசி வருடத்தில் வேலைக்கென்று வெளியே போன கணவர் திரும்பவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல யாரும் இல்லை. வாழ்வாதார உதவியாக அவளுக்கு அரிசி அரைக்கும் மெஷின் ஒன்று கொடுத்திருந்தார்கள். இடியப்ப மா அரைத்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். வயரிங் செய்யப் போன முதல் நாளே, “சாப்பிட்டிட்டு வேலையப் பாருங்க மச்சாள்” என்று தட்டைக் கையில் தந்தாள். என்னை மச்சாள் என்று உறவு சொல்லிக் கூப்பிட அப்போது உலகத்தில் வேறு யாரும் இருக்கவில்லை. வேலை முடிந்து மாதங்கள் போன பிறகும், அந்தப் பக்கம் வந்தால் அவள் வீட்டில் இறங்காமல் போகமாட்டேன். வேலை இல்லாத நாளிலும் அந்தப் பக்கம் வேலை இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனதுண்டு.

சடங்குக்கு ஒரு கிழமை, ஏழே நாள், இருக்கும்போது அவள் வீட்டில் பிரச்சினை தொடங்கியது. மெஷினைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். வீட்டுக்குள் போகிற கரண்டு முழுவதும் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்த சுவிட்சின் வேலை. கொஞ்சம் குறைந்தாலும், எங்கோ கசிகிறது என்று வீடு முழுவதையும் நிறுத்திவிடும். பல்புகள் எரியும்போது அது பேசாமல் இருந்தது. மெஷினைப் போட்டால் மட்டும் டக்கென்று விழுந்தது.

மூன்று நாள் போனேன். மெஷினைக் கழற்றித் துடைத்தேன், அதன் பிளக்கை மாற்றினேன், மெஷின் வயரை மாற்றினேன். திரும்பவும் டக். மெஷினுக்குள்தான் கசிவு என்று அவளிடம் அடித்துச் சொன்னேன். எந்த இடத்தில் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இதற்கிடையில் ஊரில், பொம்பிளை செய்த வயரிங் அப்படித்தான் இருக்கும் என்று பேச்சு அடிபட்டது. அவள் அதை என்னிடம் மறைத்தாள். தண்ணீர்க் குழாயடியில் நானே என் காதால் கேட்டேன்.

மூன்றாம் நாள் காலையில், முப்பது வருடமாக வயரிங் வேலை செய்கிற பாஸ் ஒருவர், கைதேர்ந்த தொழிலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அந்த வழியால் வந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்புதான், ஆனால் அவர் கைபடாத வீடு அந்தப் பக்கத்தில் குறைவு. மோட்டார் சைக்கிளின் எஞ்சினை நிறுத்தாமலே நான் சொன்னதைக் கேட்டார்.

“தங்கச்சி, புத்தகம் நல்லம்தான். ஆனா கரண்டு புத்தகம் வாசிக்கிறல்ல. அந்த ட்ரிப் சுவிட்சக் கழட்டிப்போட்டு ரெண்டு வயரையும் நேர குடுங்க. நான் எத்தின வீட்டுக்குச் செய்திரிக்கன், ஒருத்தரும் சாகல்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவள் நான். ஆனால் திண்ணமாக மறுக்க வாய் வரவில்லை. முற்றத்தில் மூன்று பெரிய சட்டிகளில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. சடங்குக் கடைகளுக்குப் பின்னேரம் மா கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். அவள் அரிசியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். என்னை இனி அவள் கூப்பிடமாட்டாளோ என்று பயம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு தட்டுச் சோற்றையும் மச்சாள் என்ற சொல்லையும் இழக்கப் பயந்துதான் அதைச் செய்தேன். சுவிட்சைக் கழற்றி வயரை நேரே கொடுத்து, டேப் சுற்றி மூடினேன். சடங்கு முடியட்டும், வந்து சரியாகச் செய்வேன் என்று சொன்னேன். அரிசி வடிந்ததும் நாலு மணிக்கு மெஷினைப் போடுவதாகச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். பசியில்லை என்று பொய் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

பாதை புறப்படும்போது பின்னேரம் இரண்டரை இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு விட்டு வந்த கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக் காலத்தில் தண்ணீர் நின்ற இடமெல்லாம் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிட்டது. முன்பு தோணி கட்டிய தடிகள் தரையில் நின்றன, பக்கத்தில் இரண்டு மாடுகள் மேய்ந்தன.

அதைப் பார்த்ததும்தான் அவள் வீட்டு ஏர்த் கம்பி நினைவுக்கு வந்தது. கசிகிற கரண்டு மண்ணுக்குள் போவதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கம்பி நடுவோம். அவள் வீட்டுக் கம்பியை மார்கழியில் நட்டேன். கணுக்கால் வரை தண்ணீர் நின்ற இடம், சுத்தியலின் இரண்டே அடியில் இறங்கிவிட்டது. ஈர மண்ணில் தடை குறைவு என்று புத்தகத்தில் இருந்தது, நல்ல இடம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது அந்த இடமும் இப்படித்தானே வெடித்துக் கிடக்கும்?

மனது தானாகக் கணக்குப் போடத் தொடங்கியது. காய்ந்த மண்ணின் தடை நூறு ஓம் என்றே வைத்துக்கொள்வோம். இருநூற்று முப்பது வோல்டை நூறால் பிரித்தால் இரண்டு அம்பியர் சொச்சம். கரண்டு அளவுக்கு மீறினால் நிறுத்துகிற பிரேக்கர் விழ இருபது அம்பியருக்கு மேல் வேண்டும். ஆகவே பிரேக்கர் விழாது. மண்ணுக்குள் போக முடியாத கரண்டு மெஷினின் இரும்பு உடம்பிலேயே நிற்கும். அவள் வெறுங்காலோடு, அரிசித் தண்ணீர் சிந்திய நிலத்தில் நின்று, ஈரக் கையால் அதைத் தொடுவாள். ஓர் ஆளைச் சாகடிக்க ஒரு அம்பியரில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை. அதைத் தடுக்க வீட்டில் இருந்த ஒரே பொருள் ட்ரிப் சுவிட்ச். மெஷினுக்குள் கசிவு இருக்கிறது என்று மூன்று நாளாகச் சொன்னவளும் நான்தான், அதைக் கழற்றியவளும் நான்தான்.

தூக்கத்துக்காகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்தச் சூத்திரம் அதுவரை எனக்கு வெறும் சத்தம். அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது.

“அண்ணன், பாதையத் திருப்புங்க!” என்று கத்தினேன். பாதைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நடு வாவியில் கிறுகித் திரும்ப ஏலாது, கரை போய்த்தான் வரவேண்டும் என்றார். என்ன நடந்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள். நான் என்னவென்று சொல்வது? மண் காய்ந்துவிட்டது, தடை கூடிவிட்டது, ஒருத்தி சாகப்போகிறாள் என்றா? அதையும் சொல்லித்தான் பார்த்தேன். ஒரு பெண் தன் பிள்ளையை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள். சுனாமியில் தலை பிசகிய ஆள் என்று யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. படுவான்கரையில் இருந்தவளிடம் போன் இல்லை. பக்கத்துக் கடையின் நம்பர் என்னிடம் இல்லை. பாதையில் இருபது பேர் நின்றார்கள், வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது, எனக்குத் தெரிந்தது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. குடும்பத்தை இழந்த நாளில்கூட என்னைச் சுற்றி அழுகிறவர்கள் இருந்தார்கள். இப்படி ஒரு தனிமையை நான் அறிந்ததில்லை. என் மகள் போனது நான் செய்த குற்றமில்லை என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லித் தேறியிருக்கிறேன். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது.

கரை வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நான் சைக்கிளோடு அதே இடத்தில் நின்றேன். திரும்பிப் போக ஆள் சேரும்வரை பாதை நிற்கும், அரை மணியும் ஆகும், ஒரு மணியும் ஆகும். பாதைக்காரர் பீடியைப் பற்றவைத்தார், என்னைப் பார்த்தார், பற்றவைத்த பீடியை அப்படியே தண்ணீரில் எறிந்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். காலியான பாதையில் நானும் அவரும் மட்டும் போனோம். அக்கரையில் இறங்கும்போது, “பாத்துப் போ புள்ள” என்றார். அவருக்கு நான் நன்றி சொன்னேனா என்று இன்றும் ஞாபகம் இல்லை.

கிரவல் மண் ரோட்டில் சைக்கிளை மிதித்தேன். வழியில் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்தி நாலு மணி பூசை என்று அறிவித்தார்கள். அவள் வீட்டுக்கு இன்னும் ஒரு மைல் இருந்தது. அவள் வீட்டுச் சந்தான வேலி ஒழுங்கைக்குள் திரும்பியதும் காதைத் தீட்டினேன். மெஷின் சத்தம் ஒழுங்கை முனைவரை கேட்கும். கேட்கவில்லை. இன்னும் போடவில்லை என்று ஒரு மனம் சொன்னது. போட்டு, தொட்டு, முடிந்துவிட்டது என்று இன்னொரு மனம் சொன்னது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டு வளவுக்குள் கால் வைத்தபோது உலக்கைச் சத்தம் கேட்டது. அவள் கொல்லையில் நின்று உரலில் அரிசி இடித்துக்கொண்டிருந்தாள். வேர்வையில் சட்டை நனைந்து, முகமெல்லாம் மாவாக நின்றாள். நான் அப்படியே மணலில் குந்திவிட்டேன்.

ஏன் மெஷினைப் போடவில்லை என்று கேட்டேன்.

“போடத்தான் நினைச்சன். ஆனா போகக்குள்ள உங்கட மூஞ்சி செத்துப்போய் இரிந்திச்சு. சாப்பிடவும் இல்ல. எனக்குக் கரண்டப் பத்தித் தெரியா மச்சாள். உங்கட முகத்த எனக்குத் தெரியும்” என்றாள். பிறகு, “அதான் உலக்கைய எடுத்திட்டன்” என்று உள்ளங்கையைக் காட்டினாள். கொப்பளம் வெடித்திருந்தது.

சுனாமிக்குப் பிறகு அழுவதற்கு எனக்குக் கண்ணீர் வற்றிவிட்டது என்று நினைத்திருந்தேன். அன்று அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, இன்னொரு உலக்கையைத் தந்தாள். இருட்டும் வரை இரண்டு பேரும் மாறி மாறி இடித்தோம். முழு அரிசியும் முடியவில்லை. ஒரு சட்டி புளித்துப் போனது. இரண்டு கடைக்காரர் ஏசினார்கள். சுவிட்சை நான் திரும்பப் பூட்டிய பிறகுதான் சாப்பிட்டோம்.

மறுநாள் பாஸைத் தேடிப்போய்க் கூட்டிவந்தேன். அவர் மெஷினைத் தொடவே இல்லை. வீட்டுக்குள் போய்ச் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

“இந்தச் சுளகு எப்ப இருந்து இஞ்ச தொங்குது?” என்று கேட்டார்.

அரிசி புடைக்கும் அந்தச் சுளகை மாட்ட, போன கிழமைதான் அவள் ஆணி அடித்திருந்தாள், பிளக் பெட்டிக்கு நேர் மேலே. வாழ்நாளெல்லாம் களிமண் வீட்டில் இருந்தவள், நினைத்த இடத்தில் ஆணி அடித்துப் பழகியவள். கல்வீட்டுச் சுவருக்குள் வயர் ஓடும் என்று அவளுக்கு யார் சொன்னது? வயரிங் செய்த நானே சொல்லவில்லை. ஆணியைப் பிடுங்கிப் பார்த்தோம். கரண்டு திரும்பி வரும் வயரையும் ஏர்த் வயரையும் அது ஒன்றாகத் தைத்திருந்தது. பாரமான மெஷின் ஓடும்போது திரும்பிவரும் கரண்டில் கொஞ்சம் ஆணி வழியாக மண்ணுக்குப் போயிருக்கிறது, சுவிட்ச் விழுந்திருக்கிறது. இப்படி நடக்கும் என்று என் வகுப்புக் கொப்பியில் இரண்டு தரம் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். ஆனால் சுவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஆக, மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அவள் அதைப் போட்டிருந்தாலும் அன்று ஒன்றும் நடந்திருக்காது. பாஸ் அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோளாறு இருக்கிறது என்று நம்பிக்கொண்டுதானே நான் சுவிட்சைக் கழற்றினேன். பாதையில் போட்ட கணக்கை அவருக்கு ஒரு சிமெந்துப் பைத் தாளில் எழுதிக் காட்டினேன். இலக்கங்களை நெடுநேரம் பார்த்தார். தான் சுவிட்ச் இல்லாமல் நேரே கொடுத்த வீடுகளில் இரண்டு, கிணற்றடியில் மோட்டார் ஓடுகிற வீடுகள் என்று மட்டும் சொன்னார். அடுத்த கிழமை புது ட்ரிப் சுவிட்சுகளோடு அந்த ஒழுங்கைகளில் அவர் திரிந்ததைக் கண்டவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

இப்போதும் வேலை செய்கிறேன். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, சுவரில் எங்கே ஆணி அடிக்கலாம், எங்கே கூடாது என்று சோக்கட்டியால் கோடு போட்டுக் காட்டாமல் வெளியேறமாட்டேன். களத்தில் வேலை செய்ய தியரி எதற்கு என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் கேட்டால், என்ன செய்கிறோம் என்று தெரிந்து பயப்படவாவது அது வேண்டும் என்பேன். பாஸைப் போல சுவரைப் பார்க்கவும் தெரியவேண்டும் என்பேன். மற்றதை அவர்களிடம் சொல்வதில்லை. உலகத்தில் எனக்கென்று ஒருவரும் இல்லை என்று நடு வாவியில் நான் நின்ற அதே நேரத்தில், அக்கரையில் ஒருத்தி என் முகத்தை நினைத்துக்கொண்டு உலக்கையைக் கையில் எடுத்திருந்தாள் என்பது இன்றைக்கும் எனக்குப் போதுமாக இருக்கிறது.